பல் டாக்டருக்குப் பரீட்சை வைப்பது யார்?

பரீட்சை என்றாலே அது மாணவர்கள் சமாசாரம் என்றுதான் பொதுவாக எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் பட்டம் வாங்கி, கிளினிக் திறந்து, வரிசையில் நோயாளிகள் காத்திருக்கும் ஒரு டாக்டர் மறுபடியும் போய்ப் பரீட்சை எழுதினால்? அதுவும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத ஒரு பரீட்சையை, தானே விரும்பி, தானே பணம் கட்டி? அமெரிக்காவில் சிறப்புப் பல் மருத்துவர்கள் 1929-லிருந்து இதைத்தான் செய்துவருகிறார்கள். அந்தப் பரீட்சை எப்படி இருக்க வேண்டும் என்று தங்களுக்குள் ஓயாமல் வாக்குவாதமும் செய்துவருகிறார்கள். சுமார் நூறு வருடமாகியும் அது தீரவில்லை.

வாக்குவாதம் டாக்டர்களுக்குள்தான் என்றாலும், அதன் முடிவு போய்ச் சேருவது வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளியிடம்.

மூன்று காகிதங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்கப் பல் மருத்துவரின் சுவரில் மூன்று விதமான காகிதங்கள் தொங்கலாம். ஒன்று, கல்லூரி கொடுத்த பட்டம். இரண்டு, மாநில அரசு கொடுத்த லைசென்ஸ். இது இல்லாமல் யார் பல்லையும் தொடக்கூடாது. மூன்றாவது, ஒரு சிறப்புத் துறையின் 'போர்டு' கொடுத்த சான்றிதழ். இது இல்லாமலும் தொழில் செய்யலாம். இந்தக் கட்டுரை மூன்றாவது காகிதத்தைப் பற்றியது.

லைசென்ஸுக்காக எழுதும் தேர்வுக்கும் 'நேஷனல் போர்டு' என்றுதான் பெயர். மாணவர்கள் எல்லோரும் எழுதும் அந்தத் தேர்வு 2012-ல் மதிப்பெண்ணைக் கைவிட்டு வெறும் பாஸ்/ஃபெயில் முறைக்கு மாறியது. 2020-ல் இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிய புதிய தேர்வு வந்தது. அது வேறு கதை. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒரு முக்கியமான விஷயம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரணப் பல் மருத்துவ லைசென்ஸ் வைத்திருப்பவர் ரூட் கெனால் செய்யலாம், பல்லுக்குக் கிளிப் போடலாம், பல் பிடுங்கலாம். சட்டம் தடுக்காது. அப்படியானால் 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற வார்த்தைக்கு என்ன மரியாதை? இந்தக் கேள்வியிலிருந்துதான் மூன்றாவது காகிதம் பிறந்தது.

பால்டிமோரிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பல் வைத்தியம் பார்க்கப் படிப்பு தேவையில்லை. ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டு தனிக்கடை போட்டுவிடலாம். 1840-ல் ஹொரேஸ் ஹைடனும் சேப்பின் ஹாரிஸும் சேர்ந்து பால்டிமோரில் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே, 1841-ல், அலபாமா மாநிலம் பல் வைத்தியத்தை ஒழுங்குபடுத்தும் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1859-ல் நயாகராவில் 26 பல் மருத்துவர்கள் கூடி அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தை ஆரம்பித்தார்கள்.

கல்லூரிகள் பெருகின. கூடவே காசு வாங்கிக்கொண்டு பட்டம் கொடுக்கும் போலிக் கல்லூரிகளும் பெருகின. பட்டம் மட்டும் போதாது, அரசாங்கமும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மாநிலங்கள் ஒவ்வொன்றாக லைசென்ஸ் தேர்வுகளைக் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சமயத்தில்தான் எட்வர்ட் ஆங்கிள் வருகிறார். கோணல் பற்களை வகைப்படுத்தி 1899-ல் அவர் கொடுத்த பட்டியலைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பல் மாணவர்கள் படிக்கிறார்கள். பல் சீரமைப்பு, அதாவது ஆர்த்தோடான்டிக்ஸ், ஒரு தனித் தொழிலாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1900-ல் செயின்ட் லூயிஸ் நகரில் அதற்கென்று தனிப் பள்ளி தொடங்கினார். பயிற்சி சில வாரங்கள்தான்! ஆனால் அதில் படித்தவர்கள் அந்த ஒரு வேலையை மட்டுமே செய்தார்கள். பல் மருத்துவத்தில் 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற ஜாதி உருவானது இப்படித்தான்.

சில வாரப் படிப்பு என்றால் என்ன ஆகும்? ஆங்கிளின் பள்ளி நல்ல பள்ளி. அதைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பிப்பார்கள். கம்பி விற்கும் கம்பெனிக்காரரிடம் நாலு நாள் கற்றுக்கொண்டவரும் தன்னை ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். நோயாளிக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது.

எக்ஸ்ரே காட்டிய உண்மை

ஆல்பர்ட் கெட்சம் ஆங்கிளின் பள்ளியில் படித்தவர். கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் தொழில் செய்தவர். எக்ஸ்ரே புதிதாக இருந்த காலத்தில், சிகிச்சை முடிந்த நோயாளிகளின் பற்களைப் படம் எடுத்துப் பார்த்தார். வெளியே பல்வரிசை அழகாக இருக்கிறது. உள்ளே சிலருக்கு வேரின் நுனி கரைந்து குட்டையாகிவிட்டிருந்தது! பல்லை நகர்த்தும்போது வேர் கரைவதைப் பற்றி 1927-லும் 1929-லும் அவர் எழுதிய கட்டுரைகள் அந்தத் துறையையே உலுக்கின.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சிகிச்சை நன்றாக நடந்ததா என்று நோயாளியின் சிரிப்பை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பெற்றோரின் திருப்தியை வைத்தும் முடியாது. உள்ளே என்ன நடந்தது என்று இன்னொரு நிபுணர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வணிகவியல் மாணவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், கணக்கை எழுதியவரே தணிக்கை செய்யக்கூடாது.

1929-ல் கெட்சம் அமெரிக்க ஆர்த்தோடான்டிக் சங்கத்தின் தலைவர். அந்த வருடக் கூட்டம் கொலராடோவின் மலைப்பகுதியான எஸ்டஸ் பார்க்கில் நடந்தது. அங்கேதான் அமெரிக்கன் போர்டு ஆஃப் ஆர்த்தோடான்டிக்ஸ் பிறந்தது. அடுத்த வருடம் இல்லினாய் மாநிலத்தில் முறைப்படி பதிவானது.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. கண் மருத்துவர்கள் 1916-லேயே இப்படி ஒரு போர்டை அமைத்திருந்தார்கள். அங்கும் இதே தலைவலிதான். சில வாரப் பயிற்சி எடுத்தவர்களெல்லாம் கண் நிபுணர்கள் என்று கிளம்பியிருந்தார்கள். 1924-ல் காது, மூக்கு, தொண்டை நிபுணர்கள் தொடர்ந்தார்கள். 1929-ல் பல் சீரமைப்பு. மகப்பேறு, தோல், குழந்தை மருத்துவம் என்று மற்ற மருத்துவப் போர்டுகள் வந்தது அதற்குப் பிறகுதான். பல் டாக்டர்களைக் கொஞ்சம் மட்டமாகப் பார்த்த மருத்துவ உலகத்தில், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் முந்திக்கொண்டார்கள்!

கெட்சம் 1935-ல் இறந்துபோனார். அந்தத் துறையின் மிகப் பெரிய விருது இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

வரிசையாக வந்த போர்டுகள்

அதன் பிறகு ஒவ்வொரு துறையும் போர்டு அமைத்தது. 1940-ஐ ஒட்டி ஈறு மருத்துவத்துக்கும் குழந்தைகள் பல் மருத்துவத்துக்கும் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 1946-ல் வாய் அறுவை சிகிச்சைக்கும், 1947-ல் பல் செட், செயற்கைப் பல் துறைக்கும் வந்தது. வேர் சிகிச்சைக்கு 1956-ல்.

ஆனால் எல்லாத் துறையிலும் வரவேற்பு ஒரே மாதிரி இல்லை. வாய், முக அறுவை நிபுணர்கள் போர்டு சான்றிதழைப் பெரிதாக மதித்தார்கள். காரணம் எளிது. அவர்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரைப் பயன்படுத்த வேண்டும். ஆஸ்பத்திரிகள் 'போர்டு சான்றிதழ் எங்கே?' என்று கேட்டன. பல் சீரமைப்பு நிபுணருக்கு ஆஸ்பத்திரி தேவையில்லை, சொந்தக் கிளினிக் போதும். அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே வெகுகாலம் அவர்களில் சிறுபான்மையினர்தான் போர்டு சான்றிதழ் வாங்கினார்கள். எந்தத் துறை முதலில் போர்டு அமைத்ததோ அந்தத் துறையிலேயே பெரும்பாலோர் அதைச் சீந்தவில்லை!

பொருளாதாரம் இங்கே உள்ளே நுழைகிறது. 1945-ல் மில்டன் ஃபிரீட்மனும் சைமன் குஸ்னெட்ஸும் சுதந்திரத் தொழில் செய்வோரின் வருமானம் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அதில் டாக்டர்களையும் பல் டாக்டர்களையும் ஒப்பிட்டார்கள். டாக்டர்களின் சராசரி வருமானம் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகம். அதில் ஒரு பகுதிக்குக் காரணம் மருத்துவத் தொழிலுக்குள் நுழைவதில் இருந்த கட்டுப்பாடுகள் என்றார்கள். பெரிய சர்ச்சையானது.

பிறகு 1962-ல் ஃபிரீட்மன் தன் 'முதலாளித்துவமும் சுதந்திரமும்' நூலில் மூன்று படிகளைப் பிரித்தார். பதிவு, சான்றிதழ், லைசென்ஸ். லைசென்ஸ் மற்றவர்களைத் தொழில் செய்யவே விடாது. சான்றிதழ் அப்படி அல்ல. 'இவர் தேறியவர்' என்று மட்டும் சொல்லும். யாரிடம் போவது என்பது வாடிக்கையாளர் இஷ்டம். பல் மருத்துவப் போர்டுகள் அச்சு அசலாக இந்த இரண்டாவது படி.

1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையையும் இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் நல்ல சரக்குக்கு விலை கிடைக்காது. அதைச் சரிசெய்யத்தான் உத்தரவாதமும் சான்றிதழும். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. வாங்குபவர் அந்தச் சான்றிதழைப் பார்க்க வேண்டும், அதன் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். பல் டாக்டரின் சுவரில் தொங்கும் மூன்று காகிதங்களில் எது எது என்று எத்தனை நோயாளிகளுக்குத் தெரியும்?

அரை மில்லிமீட்டர் கணக்கு

பல் சீரமைப்புப் போர்டின் பழைய தேர்வு விசித்திரமானது. பேப்பரில் எழுதுவது ஒரு பகுதிதான். முக்கியமானது, தேர்வு எழுதுபவர் தானே சிகிச்சை செய்து முடித்த நோயாளிகளின் பல் அச்சுகள், எக்ஸ்ரேக்கள், புகைப்படங்கள். சிகிச்சைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதகர்கள் முன்னால் பரப்பி வைக்க வேண்டும்.

ஒரு பரிசோதகர் 'பிரமாதம்' என்பார், இன்னொருவர் 'சுமார்' என்பார். இந்தப் பிரச்சினையைத் தீர்க்க போர்டு பல வருடம் களச் சோதனைகள் நடத்தி 1998-ல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. பல்வரிசை நேராக இருக்கிறதா, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்துகின்றனவா, நடுவே இடைவெளி இருக்கிறதா, வேர்கள் இணையாக நிற்கின்றனவா என்று மொத்தம் எட்டு அம்சங்கள். இதற்கென்றே ஒரு சின்ன அளவுகோலும் செய்தார்கள். பல் வரிசையிலிருந்து 0.5 முதல் 1 மில்லிமீட்டர் விலகினால் ஒரு மதிப்பெண் போச்சு. 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் இரண்டு. மொத்தத்தில் 20-க்கும் குறைவாக இழந்தால் பொதுவாகத் தேர்ச்சி. 30-க்கு மேல் இழந்தால் தோல்வி. பக்க வெட்டுப் பற்களிலும் இரண்டாம் கடைவாய்ப் பற்களிலும்தான் பலர் கோட்டை விடுகிறார்கள் என்பதும் அந்தச் சோதனைகளில் தெரியவந்தது.

நிபுணர்கள் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள்? இரண்டு கட்சி.

ஆதரித்தவர்கள் சொன்னது: வாயால் யாரும் எதையும் சொல்லிவிடலாம், பிளாஸ்டர் அச்சு பொய் சொல்லாது. தேர்வுக்குத் தயார் செய்வதே ஒரு பாடம். தன் வேலையைத் தானே அளவுகோல் வைத்து அளந்து பார்த்த டாக்டர் அதற்குப் பிறகு பழைய டாக்டராக இருக்க மாட்டார். ஃபெயில் ஆனால்கூட லாபம்தான்.

எதிர்த்தவர்கள் சொன்னதும் லேசான விஷயமில்லை. நூற்றுக்கணக்கான நோயாளிகளில் மிக நன்றாக வந்ததை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்தால் அது டாக்டரின் திறமையா, அதிர்ஷ்டமா? சுலபமான வாய்களை மட்டும் தேர்ந்தெடுத்தால்? (இதற்குப் பதிலாக, சிகிச்சைக்கு முன் பிரச்சினை எவ்வளவு கடினமாக இருந்தது என்பதையும் எண்ணால் அளக்கும் முறையை 2004-ல் போர்டு வெளியிட்டது.) அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. கடைசி அரை மில்லிமீட்டருக்காக ஒரு குழந்தையின் வாயில் கம்பியை இன்னும் ஆறு மாதம் வைத்திருப்பது யாருக்காக? குழந்தைக்காகவா, பரிசோதகருக்காகவா? நீண்ட நாள் கம்பி போட்டால் வேர் கரையும் வாய்ப்பு கூடுகிறது. கெட்சம் எதைக் கண்டு பயந்தாரோ அதையே அவர் ஆரம்பித்த தேர்வு தூண்டிவிடலாம்!

நடைமுறைச் சிக்கலும் இருந்தது. கம்பி சிகிச்சைக்கு இரண்டு வருடம் போல ஆகும். மேற்படிப்பே இரண்டு, மூன்று வருடம்தான். மாணவர் தொடங்கிய சிகிச்சையை முடிப்பது அடுத்த பேட்ச் மாணவர். ஆகவே படிப்பை முடித்து, கடனோடு வெளியே வந்து, கிளினிக் ஆரம்பித்து, அதற்கப்புறம் கேஸ்களைச் சேர்க்க வேண்டும். 'அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டவர்கள்தான் அதிகம்.

1998-ல் இன்னொரு மாற்றமும் வந்தது. அதிலிருந்து கொடுக்கப்படும் சான்றிதழ்களுக்குக் காலக்கெடு உண்டு. ஆயுள் முழுக்கச் செல்லாது, புதுப்பிக்க வேண்டும். பழைய சான்றிதழ்க்காரர்களுக்கு இந்த விதி இல்லை. சீனியர்கள் தப்பித்தார்கள், ஜூனியர்கள் மாட்டினார்கள் என்ற முணுமுணுப்புக்குக் கேட்க வேண்டுமா!

பெட்டி இல்லாத பரீட்சை

2019-ல் போர்டு ஒரு தைரியமான மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சொந்த நோயாளிகளைக் கொண்டுவரும் முறையையே நிறுத்திவிட்டது. பதிலாக எல்லோருக்கும் ஒரே மாதிரியான கற்பனை நோயாளிகள். 'இந்தப் படங்களைப் பார், என்ன பிரச்சினை? எப்படித் திட்டமிடுவாய்? நடுவில் இப்படி ஆகிவிட்டது, என்ன செய்வாய்? முடிவு எப்படி வந்திருக்கிறது?' என்று நோய் அறிதல், திட்டமிடல், செயல்படுத்தல், விளைவை எடைபோடுதல் ஆகிய நான்கு பிரிவுகளில் கேள்விகள். அந்த முதல் தேர்வு நடந்தது செயின்ட் லூயிஸில். ஆங்கிள் பள்ளி ஆரம்பித்த அதே ஊர்!

மறுபடியும் இரண்டு கட்சி. எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், ஆகவே நியாயம். படிப்பு முடித்த கையோடு எழுதலாம், ஆகவே நிறையப் பேர் வருவார்கள். இது ஒரு பக்கம். யோசிக்கத் தெரிந்தவரெல்லாம் கம்பி வளைக்கத் தெரிந்தவரா? சமையல் குறிப்பை ஒப்பித்தால் சமையல்காரர் ஆகிவிட முடியுமா? இது மறுபக்கம்.

கைவேலையை எப்படிச் சோதிப்பது என்பது பல் மருத்துவத்துக்கே உரிய பழைய வேதனை. லைசென்ஸ் தேர்வுகளில் வெகுகாலம் உயிருள்ள நோயாளிகளை வைத்துத்தான் சோதித்தார்கள். தேர்வுக்குத் தோதான அளவில் சொத்தைப் பல் உள்ள ஒருவரைத் தேடிப்பிடிப்பது மாணவர் பொறுப்பு. அவருக்குப் பயணச் செலவும் கொடுத்து, தேர்வு நாள் வரை அந்தச் சொத்தையை அடைக்காமல் காத்திருக்க வைத்த சம்பவங்கள் உண்டு. இது மருத்துவ தர்மமா என்று கேள்வி எழுந்தது. 2005-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இந்த முறையை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2007 முதல் நியூயார்க் மாநிலம் செய்முறைத் தேர்வுக்குப் பதில் ஒரு வருடப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மற்ற இடங்களில் 2020-ல் கொரோனா வந்துதான் பொம்மைத் தலையும் பிளாஸ்டிக் பல்லும் பரவலாகின.

போர்டுக்குப் போர்டு கொடுப்பது யார்?

கடைசிச் சண்டை கோர்ட்டில் நடந்தது. எந்தத் துறை 'ஸ்பெஷாலிட்டி', எந்தப் போர்டு உண்மையான போர்டு என்று தீர்மானித்தது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம். பல் இம்பிளான்ட் வைப்பவர்களும் தங்களுக்கென்று போர்டு வைத்திருந்தார்கள். சங்கம் அதை ஏற்கவில்லை. ஆகவே 'ஸ்பெஷலிஸ்ட்' என்று விளம்பரம் செய்யப் பல மாநிலங்களில் தடை. இதே மாதிரி வழக்கில் 2002-ல் புளோரிடாவின் கட்டுப்பாட்டை ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் டெக்சாஸில் காற்று மாறி வீசியது. இம்பிளான்ட், மயக்க மருந்து, வாய் மருத்துவம், முகவலி ஆகிய நான்கு துறையினர் தொடுத்த வழக்கில், டெக்சாஸின் விதி பேச்சுரிமைக்கு விரோதமானது என்று 2016-ல் தீர்ப்பு வந்தது. 2017-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது.

தனியார் சங்கம் ஒன்று 'இவர் நிபுணர், இவர் இல்லை' என்று முத்திரை குத்துவதும், அதை அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டு சட்டமாக்குவதும் சரியா என்பதுதான் அங்கே கேள்வி. போட்டியாளர்களே நடுவர்களாக இருந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்? சங்கமும் 2017-ல் இந்த வேலைக்கென்று தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன் பிறகு 2019-ல் மயக்க மருந்துத் துறைக்கும், 2020-ல் வாய் மருத்துவம், முகவலித் துறைகளுக்கும் அங்கீகாரம் கிடைத்தது. மொத்தம் 12 ஆனது. இம்பிளான்ட்காரர்கள் அந்தப் பட்டியலில் சேரவில்லை.

முடிவாக...

இந்தக் கதையில் யாரையும் வில்லன் என்று சொல்லிவிட முடியாது. கடுமையான தேர்வு வேண்டும் என்பவர்கள் நோயாளிக்காகத்தான் பேசுகிறார்கள். கடுமை மட்டும் போதாது, நியாயமும் வேண்டும் என்பவர்களும் நோயாளிக்காகத்தான் பேசுகிறார்கள். ஆனால் எட்டு அம்சங்கள் கொண்ட மதிப்பெண் முறையிலும், நான்கு பிரிவுக் கேள்வித்தாளிலும், கோர்ட் தீர்ப்பிலும் நோயாளி நேரடியாக வந்து எதுவும் சொல்லவில்லை. அவருக்காக எல்லோரும் பேசினார்கள், அவரிடம் யாரும் விளக்கவில்லை.

1929-ல் கெட்சம் எடுத்த எக்ஸ்ரே ஒன்றை மட்டும் தெளிவாகக் காட்டியது. வெளியே தெரியும் சிரிப்பு வேறு, உள்ளே இருக்கும் வேர் வேறு. சான்றிதழும் அப்படித்தான். அடுத்த முறை பல் டாக்டரிடம் போகிறவர்கள், எந்த ஊராக இருந்தாலும் சரி, சுவரில் தொங்கும் காகிதத்தைக் காட்டி 'டாக்டர், இதை யார் கொடுத்தார்கள்? எதைச் சோதித்துவிட்டுக் கொடுத்தார்கள்?' என்று கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாயில் பஞ்சு வைப்பதற்கு முன்னால் கேட்டுவிடுவது நல்லது!